டெட்ராய்ட்டுக்கு ஒரு கூடை, தோட்டத்துக்கு ஒரு கூடை

போன மாசம் ஆபீஸில் சம்பள உயர்வு பற்றி ஒரு மீட்டிங். நான் வேலை பார்ப்பது மதுரை இலந்தைக்குளம் பக்கம். டீமில் மற்றவர்கள் மூன்று நாடுகளில் இருக்கிறார்கள். எல்லோருக்கும் ஒரே கோட், ஒரே டிக்கெட், ஒரே ரிலீஸ் தேதி. ஹெச்ஆரில் இருந்து பேசியவர் ஒரு ஸ்லைடைக் காட்டினார். ஒவ்வொரு ஊருக்கும் ஒரு எண். ஐரோப்பிய நகரம் ஒன்றுக்கு 1 என்றால் பெங்களூருக்கு 0.4, மதுரைக்கு 0.3. அந்த எண்ணால் பெருக்கினால் சம்பளம். "மதுரையில காஸ்ட் ஆஃப் லிவிங் கம்மிதானே சார்?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார்.

இல்லை என்று சொல்ல முடியவில்லை. வாடகை கம்மிதான், இட்லி கம்மிதான். ஆனாலும் ஏதோ இடித்தது. லேப்டாப் அதே விலை. பையனுக்கு வெளிநாட்டில் படிப்பு என்றால் அதே விலை. அப்புறம் இந்த 0.3ஐ யார், எதை எண்ணிக் கண்டுபிடித்தார்கள்?

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அப்பத்தா ஞாபகம்தான். திருமங்கலம் தாண்டிக் கள்ளிக்குடிப் பக்கம் கரிசல் காட்டு ஊர் எங்களுடையது. ஆனால் அப்பத்தா பிறந்தது இலங்கையில், ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில். எங்கள் ஊர்க்காரர்கள் வாயில் அது 'கண்டிச்சீமை'. அப்பத்தாவுடைய அப்பா 1920களில் கங்காணியோடு போனவர், 1930களின் கடைசியில் குடும்பத்தோடு திரும்பி வந்துவிட்டார். ஏன் போனார் என்று கேட்டால் அப்பத்தா யோசிக்கவே மாட்டார்.

"அங்க ஒரு நாளைக்கு அரை ரூவாய்க்கு மேல, ராசா. இங்க அஞ்சு அணா. நீயே கணக்குப் போட்டுக்க."

"அப்புறம் ஏன் அப்பத்தா ஒண்ணுமில்லாம திரும்பி வந்தீங்க?"

"அது அந்தக் கணக்குல வராதுய்யா."

எது எந்தக் கணக்கில் வராது என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை. இப்போது கேட்க அப்பத்தா இல்லை. எனவே ஒரு ஸ்பிரெட்ஷீட்டைத் திறந்தேன். அதில் இருந்து வந்ததுதான் இந்தக் கட்டுரை.

முதல் கணக்கு: ரூபாய்க்கு ரூபாய்

இரண்டு நாட்டுக் கூலியை ஒப்பிட முதலில் தடுப்பது நாணயம். இலங்கை விஷயத்தில் அந்தத் தொல்லையே இல்லை. அன்றைய இலங்கை ரூபாயும் இந்திய ரூபாயும் சம மதிப்பு. நம்மூரில் ஒரு ரூபாய்க்கு 16 அணா, அங்கே 1872 முதல் 100 சதம். அவ்வளவுதான் வித்தியாசம்.

கூலியும் தெளிவாகக் கிடைக்கிறது. 1927இல் இலங்கையில் இந்தியத் தோட்டத் தொழிலாளர்களுக்கான குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தது. அதன்படி 1929இல் நடைமுறைக்கு வந்த நாள் கூலி இது:

மலையகத்தின் உயரமான பகுதி: ஆண் 54 சதம், பெண் 43, சிறுவர் 32
நடுப்பகுதி: ஆண் 52, பெண் 41, சிறுவர் 31
தாழ்நிலம்: ஆண் 50, பெண் 40, சிறுவர் 30

இதோடு, தோட்டத்தில் கொடுக்கும் அரிசிக்குப் புசலுக்கு 6 ரூபாய் 40 சதத்துக்கு மேல் வாங்கக்கூடாது. ஒரு புசல் என்பது ஏறத்தாழ 29 கிலோ, ஓர் ஆளுக்கு ஒரு மாச அரிசி.

54 சதம் என்றால் எட்டரை அணாவுக்குக் கொஞ்சம் மேல். அப்பத்தா சொன்ன 'அரை ரூவாய்க்கு மேல' சரியாகவே இருக்கிறது! ஊரில் அவர் சொன்ன ஐந்து அணாவையே எடுத்துக்கொண்டால் கண்டிச்சீமைக் கூலி 1.7 மடங்கு. கடல் தாண்டிப் போகிற அளவுக்கு இது பெரிய வித்தியாசமா?

இங்கேதான் நாள் கூலியை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். கரிசல் காடு மானாவாரி. மழை பெய்தால் உழவு, விதைப்பு, களையெடுப்பு, பருத்தி எடுப்பு. மற்ற மாசங்களில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். வருஷத்துக்கு 150 நாள் வேலை என்று வைத்துக்கொள்வோம் (இது என் கணிப்பு. 120 என்றோ 180 என்றோ மாற்றிப் போட்டுப் பாருங்கள், முடிவு பெரிதாக மாறாது). பெண்ணுக்கு மூன்று அணா என்று வைப்போம். புருஷன் பெண்டாட்டி இருவருக்கும் சேர்த்து வருஷத்துக்கு 75 ரூபாய். தோட்டத்தில் மாசம் 25 நாள் வேலை என்றால் வருஷம் 300 நாள். ஆணுக்கு 162 ரூபாய், பெண்ணுக்கு 129, மொத்தம் 291.

இப்போது வித்தியாசம் 1.7 மடங்கு இல்லை, கிட்டத்தட்ட நாலு மடங்கு. ஆளை இழுத்தது கூலி வீதம் என்பதைவிட வேலை நாட்களின் எண்ணிக்கையும் பெண்ணுக்குத் தினமும் கிடைத்த சம்பளமும்தான் என்பது என் எண்ணம்.

இரண்டாவது கணக்கு: அரிசிக்கு அரிசி

ரூபாய் வெறும் காகிதம், அது எத்தனை கிலோ சோறு வாங்கும் என்று பார்க்க வேண்டும் என்பார்கள் பொருளாதார வரலாற்றாளர்கள். 18ஆம் நூற்றாண்டுத் தென்னிந்திய நெசவாளியும் இங்கிலாந்து நெசவாளியும் வாங்கிய கூலியைத் தானியமாக மாற்றிப் பார்த்து, நம் நெசவாளி ஒன்றும் பின்தங்கியிருக்கவில்லை என்று 1998இல் பிரசன்னன் பார்த்தசாரதி எழுதினார். 2006இல் பிராட்பெரியும் பிஷ்ணுப்ரியா குப்தாவும் வெள்ளிக் கணக்கில் இந்தியக் கூலி மிகக் குறைவு என்று பதில் எழுதினார்கள். அந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை. எதை வைத்து அளக்கிறோம் என்பதுதான் அதன் மையம்.

நம் விஷயத்துக்கு வருவோம். குடும்பத்துக்கு மாசம் இரண்டு புசல் அரிசி, 12 ரூபாய் 80 சதம். வருஷத்துக்கு 153 ரூபாய் 60 சதம். 291இல் இது போனால் மிச்சம் 137 ரூபாய் 40 சதம். ஊரில் மொத்த வருமானமே 75 ரூபாய், அதில் தோட்டத்து அளவுக்கு அரிசி வாங்கவே முடியாது. அப்படியானால் ஊரில் எல்லோரும் செத்திருக்க வேண்டுமே?

சாகவில்லை. ஏனென்றால் ஊரில் யாரும் அரிசி சாப்பிடவில்லை. கம்பங்கூழ், சோளச்சோறு, கேழ்வரகுக் களி. நெல்லுச் சோறு தீபாவளிக்கும் பொங்கலுக்கும். கூலியிலும் ஒரு பகுதி தானியமாகவே வரும், களத்தில் அள்ளிப் போடுவதும் உண்டு. விறகும் கீரையும் காட்டில் கிடைக்கும். சென்னைப் பல்கலைக்கழகத்தின் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் தன் மாணவர்களைக் கிராமங்களுக்கு அனுப்பிக் கணக்கெடுத்து 1918இல் ஒரு புத்தகம் கொண்டுவந்தார். அன்றைய ராமநாதபுரம் ஜில்லாவில் இருந்த வடமலாபுரமும் அதில் உண்டு. அந்தக் கணக்குகளைப் படித்தால், காசும் தானியமும் எப்படிப் பின்னிக் கிடந்தன என்பது புரியும்.

ஆக, இரண்டு ஊருக்கும் பொதுவான சாப்பாட்டுத் தட்டே இல்லை. அரிசியில் அளந்தால் கரிசல்காட்டு ஆள் பரம ஏழை. கம்பில் அளந்தால் அவ்வளவு மோசமில்லை. இதைத்தான் பொருளாதாரத்தில் 'கூடை' என்கிறார்கள். கூடையில் எந்தப் பொருளை வைக்கிறீர்களோ அதற்கேற்ற விடைதான் வரும். அப்பத்தாவிடம் கேட்டிருந்தால், "தோட்டத்துல மூணு வேளையும் நெல்லுச் சோறு" என்பதே பெரிய சம்பளம் என்றிருப்பார். எத்தனையோ தடவை சொல்லியும் இருக்கிறார்.

சரி, அந்த 137 ரூபாய் எங்கே போனது? துணி, உப்பு, புளி, மிளகாய், மலைக் குளிருக்குக் கம்பளி. கங்காணி கொடுத்த முன்பணம், பயணச் செலவு எல்லாம் கடனாக ஏறியிருக்கும். 1921இல் ஒழிக்கப்படும்வரை 'துண்டு' என்று ஒரு முறையே இருந்தது. தொழிலாளியின் கடன் எவ்வளவோ அதை இன்னொரு தோட்டம் கட்டினால்தான் அவரை விடுவிப்பார்கள், அதற்கான சீட்டுதான் துண்டு. ஆள் ஒவ்வொருவரும் வேலைக்கு இறங்கும் நாளுக்கு இவ்வளவு என்று கங்காணிக்குத் தனிக்காசு வேறு. கொழுந்து எடை குறைந்தால் 'அரைப் பேர்', அதாவது பாதிக் கூலி. காய்ச்சலில் படுத்தால் பேரே இல்லை. என் ஸ்பிரெட்ஷீட்டின் 300 நாள் என்பது காய்ச்சலே வராத மனிதனின் கணக்கு.

மலாயா: அந்த 50 காசு எங்கிருந்து வந்தது?

மேலே உள்ள கூலிப் பட்டியலை இன்னொரு தடவை பாருங்கள். பெண்ணின் கூலியை ஆணின் கூலியால் வகுத்தால் மூன்று பகுதியிலும் ஏறக்குறைய 0.8. இப்போது கடல் தாண்டி மலாயாவுக்கு வாருங்கள். 1920களின் கடைசியில் அங்கே ரப்பர்த் தோட்டத்து இந்தியத் தொழிலாளிக்கு நிர்ணயித்த கூலி: எளிதில் போய்வரக்கூடிய பகுதிகளில் ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40. பஹாங்கின் உள்பகுதிகளில் 58, 46. வகுத்துப் பாருங்கள். அதே 0.8!

இரண்டு நாடு, இரண்டு பயிர், இரண்டு அரசாங்கம். விகிதம் மட்டும் எப்படி ஒன்று? சந்தை முடிவு செய்த கூலியாக இருந்தால் இப்படி அச்சு அசலாக வராது. இது வயிற்றை அளந்து போட்ட கூலி. ஆணுக்கு ஒரு வயிறு, பெண்ணுக்கு முக்கால் வயிற்றுக்குக் கொஞ்சம் மேல், சிறுவருக்கு அரைக்குக் கொஞ்சம் மேல்.

இது என் ஊகம் மட்டும் இல்லை. மலாயாவில் கூலியை நிர்ணயிக்க அதிகாரிகள் குடும்ப பட்ஜெட் போட்டார்கள். ஒரு தமிழ்த் தொழிலாளிக்கு மாசம் எவ்வளவு அரிசி, எவ்வளவு பருப்பு, எத்தனை வேட்டி என்று கூட்டி, அதை வேலை நாளால் வகுத்தார்கள். இந்திய அரசு 1922ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டத்துக்குப் பின் அங்கே நியமித்த ஏஜெண்டும் இதே பட்ஜெட்டை வைத்துத்தான் வாதாடினார். இன்னும் இரண்டு பொருளைச் சேருங்கள், ஊருக்குப் போய்வரக் கொஞ்சம் மிச்சம் வேண்டும் என்று.

மலாயாக் கூலியையும் நம் ரூபாய்க்கு மாற்றிவிடலாம். மலாயா டாலர் 2 ஷில்லிங் 4 பென்ஸ், நம் ரூபாய் 1927 முதல் 1 ஷில்லிங் 6 பென்ஸ். எனவே 50 காசு என்பது 14 பென்ஸ், அதாவது பன்னிரண்டரை அணாவுக்கு ஒரு துளி கீழே. ஊர்க் கூலியைப் போல இரண்டரை மடங்கு. நாகப்பட்டினத்தில் கப்பல் ஏற ஆள் நின்றதில் ஆச்சரியமில்லை.

டெட்ராய்ட்டின் கேள்வி

இப்போது அதே 1929க்கு, உலகத்தின் மறுபக்கம் போகலாம். இந்தக் கட்டுரையை எழுத வைத்ததே இந்தப் பகுதிதான்.

அமெரிக்காவின் ஃபோர்டு கார் கம்பெனி ஐரோப்பிய நகரங்களில் தொழிற்சாலை நடத்திக்கொண்டிருந்தது. 1929இல் ஜெனீவாவில் இருந்த சர்வதேசத் தொழிலாளர் நிறுவனத்திடம் ஒரு கேள்வி கேட்டது. டெட்ராய்ட்டில் நாளுக்கு 7 டாலர் வாங்கும் எங்கள் தொழிலாளி வாழும் அதே வாழ்க்கையை, பெர்லினிலோ பாரிஸிலோ இருக்கும் எங்கள் தொழிலாளி வாழ வேண்டுமென்றால் நாங்கள் அங்கே எவ்வளவு கூலி கொடுக்க வேண்டும்?

டெட்ராய்ட்டில் 100 ஃபோர்டு தொழிலாளர் குடும்பங்களின் வரவு செலவை எடுத்தார்கள். வருஷச் செலவு சராசரியாக சுமார் 1,700 டாலர். ஏறக்குறைய பாதிக் குடும்பங்களில் சொந்தக் கார்! அந்தக் கூடையைத் தூக்கிக்கொண்டு ஐரோப்பிய நகரங்களுக்குப் போனார்கள். ஐரோப்பிய முதலாளிகளுக்கு இது பிடிக்கவில்லை. இப்படி ஒரு எண் வெளியே வந்தால் நம் ஆட்களும் கேட்பார்களே என்ற பயம். எட்வர்ட் ஃபைலீன் என்ற பாஸ்டன் வியாபாரி பணம் ஏற்பாடு செய்ததால் வேலை நடந்தது. அறிக்கை 1932இல் வந்தது. 1968இல் தொடங்கிய சர்வதேச விலை ஒப்பீட்டுத் திட்டமும் இன்று உலக வங்கி வெளியிடும் வாங்கும் திறன் சமநிலை எண்களும் இந்த வகை முயற்சியின் பேரப்பிள்ளைகள்தான்.

ஃபோர்டு தர்மம் செய்யக் கேட்கவில்லை. நல்ல கூலி வாங்குபவன் கார் வாங்குவான் என்பது அவர் வியாபாரம். அது எப்படியும் போகட்டும். கேள்வியின் வடிவத்தை மட்டும் பாருங்கள்.

டெட்ராய்ட்டின் கேள்வி: வாழ்க்கை ஒன்று. அதற்கு அந்த ஊரில் எவ்வளவு ஆகும்?
தோட்டத்தின் கேள்வி: இந்த ஆளுடைய வாழ்க்கை இவ்வளவு. அதற்கு எவ்வளவு போதும்?

இரண்டும் 'வாழ்க்கைச் செலவு ஒப்பீடு'தான். இரண்டிலும் பட்ஜெட் உண்டு, விலைப்பட்டியல் உண்டு, நேர்மையான குமாஸ்தாக்கள் உண்டு. முதல் கேள்வியில் கூடை எங்கே போனாலும் மாறாது, கூலி மாறும். இரண்டாவதில் ஆளைப் பொறுத்துக் கூடையே மாறும். வறுமையில் இருந்து வந்தவனுக்குக் கூடை சின்னது, கூடை சின்னதாக இருப்பதால் கூலி சின்னது, கூலி சின்னதாக இருப்பதால் அடுத்த பட்ஜெட்டிலும் கூடை சின்னது. ப்ரோக்ராமர்கள் இதை இன்ஃபினிட் லூப் என்போம்.

இந்த இரண்டு பேரும் அந்நியர்கள் இல்லை என்பதுதான் விசேஷம். டெட்ராய்ட்டில் ஓடிய கார்களின் டயருக்கு ரப்பர் பெருமளவு மலாயாவில் இருந்துதான் போனது. (அதில் இருந்து தப்பிக்கத்தான் ஃபோர்டு 1928 வாக்கில் பிரேசில் காட்டுக்குள் சொந்த ரப்பர்த் தோட்டம் போட்டுக் கையைச் சுட்டுக்கொண்டார்.) விடியும் முன் முன்னூறுக்கும் மேற்பட்ட மரங்களைக் கீறிப் பால் எடுத்த தமிழரும், அந்த டயரைக் காரில் மாட்டிய டெட்ராய்ட்காரரும் ஒரே பொருளில் வேலை பார்த்தவர்கள். 1929 மாற்று விகிதத்தில் 50 மலாயாக் காசு என்பது 28 அமெரிக்க சென்ட். மற்றவருக்கு 7 டாலர். 25 மடங்கு.

மலாயாவில் ஒரு தொழிலாளிக்கு வேண்டிய அரிசியும் துணியும் டெட்ராய்ட்டைவிட மலிவுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த மலிவு 25 மடங்கை விளக்காது. மீதியை விளக்குவது கூடை.

அதே தோட்டம், இன்னொரு கூலி

"உற்பத்தித் திறன் வேறு, இயந்திரம் வேறு, கார் தொழிற்சாலையையும் ரப்பர்த் தோட்டத்தையும் ஒப்பிடலாமா?" என்று கேட்பீர்கள். நியாயம்தான். அப்படியானால் தோட்டத்தை விட்டு வெளியே போகாமலே ஒப்பிடலாம். அதே மலாயாவில், அதே மரத்தைக் கீறும் சீனத் தொழிலாளிக்குத் தமிழரைவிடக் கூலி அதிகம். அரிசி விலை இருவருக்கும் ஒன்றுதான். சீனர்கள் பெரும்பாலும் தங்கள் ஆட்கள் மூலம் ஒப்பந்தத்தில் வேலை எடுத்தார்கள். கூலி பிடிக்காவிட்டால் வேறு தோட்டத்துக்கோ ஈயச் சுரங்கத்துக்கோ போனார்கள். தமிழருக்கு இருந்தது கங்காணி, லயம், அதிகாரிகள் போட்ட பட்ஜெட்.

இன்னொன்று, ரப்பர் விலை. 1925இல் பவுண்டு ஒரு டாலருக்கு மேல் போனது. 1932இல் மூன்று சென்ட்டுக்கு வந்தது. ஏறியபோது கூலி அதே வேகத்தில் ஏறவில்லை, ஏனென்றால் கூடை அவ்வளவுதான். இறங்கியபோது கூலி இறங்கியது, ஏனென்றால் சந்தை அப்படி. ஆயிரக்கணக்கில் ஆட்களைக் கப்பலேற்றி ஊருக்கும் அனுப்பினார்கள். இலங்கையிலும் அந்த மந்தத்தில் குறைந்தபட்சக் கூலியே குறைக்கப்பட்டது. அரிசி விலையும் குறைந்துவிட்டதே, கூடைக்கு இனி இவ்வளவு போதுமே என்பது கணக்கு.

1936 கடைசியில் வி. எஸ். ஸ்ரீனிவாச சாஸ்திரி மலாயா போய்ப் பார்த்து, 1937இல் அறிக்கை கொடுத்தார். தோட்ட முதலாளிகளிடம் ரொம்ப மென்மையாக நடந்துகொண்டார் என்று இங்கே அவரைத் திட்டினார்கள். அவரே பழைய 50, 40 காசைத் திரும்பக் கொடுங்கள் என்றார். கொடுத்தார்கள். அடுத்த வருஷமே ரப்பர் விலை சரிந்ததும் ஐந்து காசு வெட்டினார்கள். 1938 ஜூனில் இந்திய அரசு மலாயாவுக்கு உதவியோடு ஆள் அனுப்புவதைத் தடை செய்தது. 1939 ஆகஸ்டில் இலங்கைக்கும் தடை வந்தது. எங்கள் குடும்பம் திரும்பி வந்தது இந்தக் காலத்தில்தான்.

1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆர். எச். நாதன் தலைமையில் தமிழர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கோரிக்கைகளில் முக்கியமானது சீனருக்குச் சமமான கூலி. இன்னொன்றும் இருந்தது: வெள்ளைக்காரத் துரையைப் பார்த்தால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்பதை நிறுத்த வேண்டும். பட்டாளம் வந்தது, சுட்டது, நாதனை நாடு கடத்தினார்கள்.

சைக்கிளில் இருந்து இறங்காமல் போவதற்கு எந்த பட்ஜெட்டிலும் விலை போடவில்லை. அதேபோல, ஊரில் மேல்சாதித் தெருவில் செருப்புப் போட்டு நடக்க முடியாதவர், கடல் தாண்டிய இடத்தில் அந்தக் குறிப்பிட்ட அவமானம் கொஞ்சம் தளர்ந்தது என்று நினைத்திருந்தால் அதற்கும் விலை போட முடியாது. கூடை போட்டவர்கள் இரண்டையும் விட்டுவிட்டார்கள். போனவர்கள் இரண்டையும் எண்ணித்தான் போயிருப்பார்கள்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இதைப் படித்துவிட்டு 'அவர்களை ஏமாற்றிக் கூட்டிப்போனார்கள்' என்ற ஒரே வரியில் முடித்துவிடாதீர்கள். ஏமாற்றப்பட்டவர்கள் உண்டு. ஆனால் ஊரைவிட அங்கே சோறு அதிகம் என்பதும் உண்மை. எங்கள் பூட்டன் முட்டாள் இல்லை, கணக்கு சரியாகத்தான் போட்டார். போனது சரியான முடிவு. கிடைத்தது நியாயமான கூலி இல்லை. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம். 'ஊரைவிட மேல்' என்ற வாதமே கூலியைக் கீழே பிடித்துவைக்கும் கயிறாகவும் பயன்பட்டது.

ஆயிரம் ரூபாய்

இது பழங்கதை இல்லை. இலங்கையில் தோட்டத் தொழிலாளர்கள் நாள் சம்பளம் ஆயிரம் ரூபாய் கேட்டுப் பல வருஷம் போராடி 2021இல்தான் பெற்றார்கள். அன்று ஒரு அமெரிக்க டாலர் ஏறக்குறைய 200 இலங்கை ரூபாய். அந்த ஆயிரம் 5 டாலர். 2022 மே மாசம் டாலர் 360 ரூபாய் பக்கம் போனபோது அதே ஆயிரம் 3 டாலருக்கும் கீழே. பறிக்கும் கொழுந்து குறையவில்லை, அது வெளிநாட்டில் டாலருக்கே விற்றது. அரிசியும் மாவும் மட்டும் கையில் எட்டாத விலைக்குப் போனது. தேயிலையின் விலை ஒரு நாணயத்திலும் கூலி இன்னொரு நாணயத்திலும் இருந்தால், நாணயம் சரியும்போது யார் தலையில் விழும் என்பதற்கு வேறு உதாரணம் வேண்டாம்.

அப்பத்தா சொன்ன 'அது அந்தக் கணக்குல வராது' இப்போது எனக்கு ஓரளவு புரிகிறது. வெறுங்கையோடு திரும்பியதற்குக் காரணம் பூட்டன் குடித்தாரா, ஊதாரியா என்று சின்ன வயதில் நினைத்ததுண்டு. மிச்சம் பிடிக்க இடமில்லாமல்தான் அந்தக் கூலியே கட்டப்பட்டிருந்தது. கூடையில் அரிசி இருந்தது, கம்பளி இருந்தது. ஊரில் ஒரு குழி நிலம் வாங்கும் காசு இல்லை. அவர்கள் கொண்டுவந்தது ஒரு செப்புக் குடமும் ஒரு கம்பளியும்.

என் நிலைமையையும் தோட்டத் தொழிலாளியின் நிலைமையையும் ஒன்றாக்க நான் தயாரில்லை. ஏசி அறையில் உட்கார்ந்து அப்படிச் சொன்னால் அப்பத்தா செருப்பால் அடிப்பார். ஆனால் கேள்வியின் வடிவம் ஒன்றுதான். அடுத்த மீட்டிங்கில் ஹெச்ஆருக்கு ஒரு மெயில் போட்டேன், சண்டை இல்லாமல், ரொம்ப மரியாதையாக: "0.3 என்ற எண்ணைக் கண்டுபிடிக்க எந்தக் கூடையை எடுத்தீர்கள்? அங்கே வேலை பார்ப்பவர் வாழும் வாழ்க்கையை மதுரையில் வாழ ஆகும் செலவா, அல்லது மதுரைக்காரர் இப்போது வாழ்ந்துகொண்டிருக்கும் வாழ்க்கைக்கு ஆகும் செலவா?"

பதில் வந்தது. வெளியில் இருக்கும் ஒரு நிறுவனத்திடம் இருந்து வாங்கிய டேட்டாவாம். கூடைக்குள் என்ன இருக்கிறது என்று அவர்களுக்கும் தெரியாதாம். கேட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறார். காத்திருக்கிறேன்.

உங்கள் வீட்டிலும் கண்டிச்சீமைக்கோ மலாயாவுக்கோ பர்மாவுக்கோ போய்வந்த பெரியவர்கள் யாராவது இருந்தால், கூலி எவ்வளவு என்று மட்டும் கேட்காதீர்கள். மாசக் கடைசியில் கையில் என்ன மிஞ்சியது, அதை வைத்து என்ன வாங்க ஆசைப்பட்டார்கள் என்று கேளுங்கள். நான் கேட்காமல் விட்ட கேள்வி அதுதான்.